ஒரே வரிசை

"உயிர் போன உடலுக்கு மாலையா? பகுத்தறிவு பேசும் நாம் செய்யத்தக்க வேலையா?"

பாகூரில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் படிப்பகத்தில், கல்லூரி மாணவனொருவன் கேட்ட கேள்வி இது. 2024 டிசம்பர் 28ஆம் நாள். முன்னாள் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் மறைந்து இரு நாட்கள் ஆகியிருந்தன. தில்லியில், அவர் சார்ந்த காங்கிரசுக் கட்சியின் தலைமை நிலையத்தில், அவருடைய உடல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததைத் தொலைக்காட்சி காட்டிற்று. வந்தனர், மலர் வைத்தனர், தலை தாழ்த்தினர், நகர்ந்தனர். பின்னால் நின்றவர் முன்னால் வந்தனர்.

கேட்டவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆன்மா இல்லை என்கிறோம். மோட்சமும் நரகமும் கட்டுக்கதை என்கிறோம். திதியும் திவசமும் புரோகிதத்தின் வருமான வழி என்கிறோம். செத்தவருக்குச் செய்வது செத்தவரைச் சேராது என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, தலைவர் ஒருவர் மறைந்ததும் மாலையும் கையுமாக ஓடுவது முறைதானா? சொல் ஒரு பக்கம், செயல் ஒரு பக்கமா? நேர்மையான கேள்வி! நேர்மையான கேள்விக்கு மழுப்பலான விடை ஆகாது. வரலாற்றைப் புரட்டி விடை தேடினேன். தேடிக் கண்டதைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

சடங்கு வேறு, மரியாதை வேறு. சடங்கு, செத்தவனை நோக்கியது. அவனுக்கு வழிச்சோறு கட்டுகிறது. இல்லாத ஆற்றைக் கடக்க இல்லாத ஓடம் தேடுகிறது. கொள்ளி வைப்பவன் யார், தொடக்கூடாதவன் யார், எந்தச் சாதிப் பிணம் எந்தப் பாதையில் போகவேண்டும், பெண்கள் எந்த எல்லையோடு நின்றுவிட வேண்டும் என்று பிரித்துப் பிரித்து வைப்பதே அதன் தொழில். மரியாதையோ, உயிரோடிருப்பவர்களை நோக்கியது. "இவர் உழைப்பால் நான் பயன்பெற்றேன், அதை மறந்தேனில்லை" என்று ஊரறியச் சொல்வது அது. அதற்குத் தரகர் வேண்டியதில்லை, மந்திரம் வேண்டியதில்லை, கோத்திரம் கேட்பாரும் இல்லை.

தமிழனுக்கு இது புதிதுமன்று. ஆநிரை மீட்கப் போரிட்டு மடிந்த வீரனுக்குக் கல் நட்டார்கள் நம் முன்னோர். அவன் பெயரையும் செயலையும் அதிலே பொறித்தார்கள். கல்லைத் தேர்ந்து காணும் காட்சியில் தொடங்கி வாழ்த்தில் முடியும் ஆறு படிகளாக அந்த முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. நன்றியிலே பிறந்த கல் அது! பிறகு என்ன நேர்ந்தது? படையல் வந்தது, பலி வந்தது. காலம் செல்லச் செல்லப் பல இடங்களில் பெயர் மறந்தது, செயல் மறந்தது, கல் மட்டும் நின்றது. நின்ற கல் தெய்வமாயிற்று. செயலை மறந்து உருவை மட்டும் நினைக்கத் தொடங்கும்போதுதான் நன்றி பூசையாகிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1885ஆம் ஆண்டு, பாரிசு நகரம். மே 22இல் விக்தர் யூகோ மறைந்தார். ஏழைகளின் துயரை எழுத்தாக்கியவர். முடியாட்சியை எதிர்த்து நாடு துறந்து வாழ்ந்தவர். தமக்காகத் திருச்சபை எதுவும் வேண்டுதல் செய்யவேண்டாம் என்றும், ஏழைகளின் பிணத்தை எடுத்துச் செல்லும் வண்டியிலேயே தம்மைக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் எழுதிவைத்திருந்தார். அவருடைய உடல் வெற்றி வளைவின் கீழ் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஜூன் 1ஆம் நாள் ஊர்வலத்திற்கு இருபது இலட்சம் பேர் திரண்டதாகக் கணக்கிட்டனர். அவரை அடக்கம் செய்வதற்காகவே, கோயிலாக இருந்த பாந்தியோன் மாளிகையை நாட்டின் பெருமக்களுக்குரிய பொது நினைவிடமாக அரசு மாற்றிற்று. குருமார் இல்லை, வேதம் ஓதுவார் இல்லை. ஆனாலும் மரியாதையில் குறைவில்லை! பகுத்தறிவாளனுக்கும் பெருமைமிக்க இறுதிப் பயணம் உண்டு என்பதை உலகம் அன்று கண்டது.

அதே பிரெஞ்சுக் குடியரசின் கொடிதான் அன்று வில்லியனூரிலும் பாகூரிலும் பறந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் அரசாங்கத் தாளிலே அழகாக அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் ஏழையின் வண்டி பாரிசிலே பெருமை பெற்றதற்கு முந்திய ஆண்டான 1884இல்தான் இங்கே வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்தனர்: ஐரோப்பியர் ஒரு பட்டியல்; தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர் ஒரு பட்டியல்; ஏற்காதவர் ஒரு பட்டியல். சமத்துவம் தாளிலே; பிரிவினை தரையிலே! 1954 அக்டோபர் 18இல், வில்லியனூரை அடுத்த கீழூரில், மக்களின் பேராளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. வாக்குச்சாவடியிலே ஒரே வரிசை இருந்தது. மற்ற வரிசைகள்? அதைப் பின்னர் பார்ப்போம்.

இனிச் சென்னைக்கு வருவோம். அங்கே ஒரு மண்டபத்தின் படிக்கட்டுகளைப் பார்ப்போம். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் சென்னை ஆளுநராக இருந்தபோது, 1802இல் கட்டிமுடிக்கப்பட்டது அந்த விருந்து மண்டபம். 1799இல் சீரங்கப்பட்டினத்தில் திப்புவை வீழ்த்திய வெற்றிக் களிப்பின் சின்னம் அது. துரைமார் விருந்துண்ணவும் சீமாட்டிகள் நடனமாடவும் எழுப்பிய மாளிகையிலே, ஏரோட்டியின் மகனுக்கு இடமேது? ராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநரான 1948இல் அம்மண்டபத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியது 1948இல். பொருள் மாறியது, மக்கள் அந்தப் படிகளில் ஏறிய நாளில்!

1969 பிப்ரவரி 3. பேரறிஞர் அண்ணா மறைந்தார். ராஜாஜி மண்டபத்திலே அவர் உடல் வைக்கப்பட்டது. மறுநாள் கடற்கரையில் அடக்கம். திரண்ட மக்களின் தொகையை ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் நூல் பதிந்தது. தொகையைப் பற்றி வாதிடுவோர் வாதிடட்டும். அந்த வரிசையில் நின்ற ஒருவரின் சொல்லை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கொம்யூனைச் சேர்ந்த முதியவர் அவர், எழுபத்தைந்தை நெருங்குபவர். அன்று பத்தொன்பது வயதுப் பண்ணையாள். லாரியிலே தொற்றிக்கொண்டு சென்னைக்குப் போனவர். அவர் சொன்னார்:

"எனக்கு முன்னாலே யார் நின்னாங்க தெரியுமா வாத்தியாரே? எங்க ஊர் நிலக்காரரு. ஊரிலே அவர் எதிரே வந்தா நான் துண்டை இடுப்பிலே கட்டிக்கிட்டு வரப்பைவிட்டு இறங்கி நிக்கணும். அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளுது. நான் சாயப்போனேன். அவரே என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. படியேறி இறங்கற வரைக்கும் விடலே. வெளியே வந்து தண்ணி குடிச்சோம். ஒரே குவளை."

ஒரே குவளை! ஆயிரம் மேடைப்பேச்சு செய்யமுடியாததை அந்த ஒரு வரிசை செய்தது. முன்னால் நிற்பவன் யார் சாதி, பின்னால் நிற்பவன் யார் சாதி என்று அங்கே கேட்க நேரமில்லை, கேட்டால் நகைப்பார்கள். சுடுகாட்டு எல்லையில் தடுக்கப்படும் பெண், அங்கே படியேறிப் போய் மலர் வைத்தாள். முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை என்று கோயில் பரிவட்டம் கட்டும் ஊரிலே, வந்த வரிசைப்படி மரியாதை என்ற புது நெறி பிறந்தது.

ஏறத்தாழ நான்காண்டுகள் கழிந்தன. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தார். தம் பெயரைத் தாங்கிய மண்டபத்திலேயே அவர் உடல் வைக்கப்பட்டது. யார் இந்த ராஜாஜி? நம் இயக்கத்தின் கண்ணோட்டத்திலே, 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர். எதிர்த்த பெரியாரைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் தலைவர். 1953இல் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பழகட்டும் என்று திட்டம் தந்தவர். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடெங்கும் போர் நடத்தியது திராவிடர் இயக்கம். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கரும்பலகையின் முன் நிற்கும் எனக்கு அந்தப் போரின் அருமை தெரியும். அது தோற்றிருந்தால், எங்கள் பகுதியின் எல்லை தாண்டிய கடலூர்ச் சிற்றூர்களில் எத்தனை பிள்ளைகளின் பலகை பறிபோய் மண்வெட்டி கைக்கு வந்திருக்கும்!

அப்படிப்பட்டவரின் இறுதி நிகழ்வுக்கு வந்தார் பெரியார். வயது 93. நடக்க இயலாத உடல், சக்கர நாற்காலி. சேலம் நகராட்சிக்கு ஒருவரும் ஈரோடு நகராட்சிக்கு ஒருவரும் தலைவர்களாக இருந்த நாளில் முளைத்த நட்பு அது. அரை நூற்றாண்டுக் கருத்துப் போரிலும் அது கருகவில்லை. பெரியார் சுடுகாடு வரை வந்தார், அழுதார். ராஜாஜி மோட்சம் போவார் என்று நம்பியா அழுதார்? இல்லை! கடவுள் இல்லை என்றவர் கண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை. எதிரியின் கொள்கையை ஏற்கவும் இல்லை. எதிரியின் மனிதத்தை மறுக்கவும் இல்லை. அந்தக் கண்ணீரால் குலக்கல்வி நியாயமாகிவிடவில்லை, பெரியாரும் குறைந்துவிடவில்லை. தம்பி, உன் கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

ஓராண்டு நிறைய ஒரு நாள் குறைவு. 1973 டிசம்பர் 24இல் வேலூர் மருத்துவமனையில் பெரியார் மறைந்தார். அவர் உடலும் அதே ராஜாஜி மண்டபத்துக்கு வந்தது. அதே படிகளில் மக்கள் ஏறினர். மறுநாள் பெரியார் திடலில் அடக்கம். அரசு மரியாதையோடு, சடங்கு ஏதுமின்றி! எந்த அரசுப் பதவியிலும் அமராதவர் அவர். பதவி வகிக்காதவருக்கு அரசு மரியாதை தரும் வழக்கம் உண்டா? "வழக்கம் இல்லை" என்று கோப்பிலே எழுதிக் கைகழுவியிருக்கலாம். அன்றைய கலைஞர் ஆட்சி வழக்கத்தைப் பார்க்கவில்லை, தகுதியைப் பார்த்தது. வழக்கம் மாற்றப்பட்டது.

1975 அக்டோபர் 2இல் காமராசர் மறைந்தார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்தவர். தேர்தல் களத்தில் கழகத்தோடு மோதியவர். எனினும் கழக ஆட்சியே முன்னின்று இறுதி மரியாதைக்கு ஏற்பாடு செய்தது. அதே மண்டபம், அதே படிகள், அதே வரிசை. வெற்றிச் செருக்கின் விருந்துக்கூடம், வேற்றுமை மறக்கும் பொதுமன்றமாயிற்று.

இவ்வளவு சொன்னபின் இருளையும் சொல்லவேண்டும். மறைத்தால் அது வரலாறன்று, விளம்பரம். அண்ணாவின் முகம் காண ரயிலின் கூரைமீது ஏறி வந்தவர்கள், கொள்ளிடம் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் அடிபட்டு மாண்டார்கள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது கடைகள் சூறையாடப்பட்டன. தொண்டர்கள் தம்மையே மாய்த்துக்கொண்டனர். 2018 ஆகஸ்டு 8இல், கலைஞரின் உடல் அதே மண்டபத்தில் இருந்தபோது நெரிசலில் உயிர்கள் போயின. தலைவனுக்காகச் சாவது தலைவனுக்கு மரியாதையா? வாழ்நாளெல்லாம் உன்னை நிமிர வைக்க உழைத்தவருக்கு, நீ செத்து விழுந்தா நன்றி காட்டுவது? அது நடுகல் தெய்வமான அதே சறுக்கல்! செயல் மறந்து உரு மட்டும் நிற்கும்போது, பலியும் தேடி வருகிறது.

மறைந்தவரின் விருப்பத்தையே மிதித்து நடத்தும் மரியாதையும் உண்டு. 1924 சனவரியில் லெனின் மறைந்தார். மாஸ்கோவின் கடுங்குளிரில் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று அவரைக் கண்டனர். அவருடைய துணைவியார் குரூப்ஸ்கயா ஏட்டிலே வேண்டுகோள் விடுத்தார்: சின்னங்களும் மாளிகைகளும் அவர் பெயரால் எழுப்பாதீர்கள், குழந்தைகள் காப்பகம் கட்டுங்கள், பள்ளி கட்டுங்கள், அவர் சொன்னதை வாழ்க்கையில் செய்யுங்கள் என்று. கேட்டார்களா? உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். இங்கே நேருவின் கதை என்ன? மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று 1954இலேயே எழுதிவைத்தார். 1964 மே 28இல் யமுனைக் கரையிலே சடங்கு நடந்தது. மக்கள் நீண்ட வரிசையில் நின்று காட்டிய அன்பு உண்மை. அந்த அன்பின்மீது புரோகிதம் ஏறி உட்கார்ந்ததும் உண்மை.

இப்போது, ஒரே குவளையில் தண்ணீர் குடித்த முதியவரிடம் திரும்புவோம். அவர் கதை சென்னையோடு முடியவில்லை. அதே 1969இல், ஆடி மாதம், அவருடைய தந்தை இறந்தார். இடையிலே மார்ச் மாதம் புதுவையில் கழக ஆட்சியும் அமைந்துவிட்டிருந்தது.

"மழை. வரப்பெல்லாம் சேறு. அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போகணும். தெருவழியா போனா கால் மணி நேரம். அவர் வீட்டுத் திண்ணைக்கிட்டே போய் நின்னேன். சென்னையிலே கையைப் புடிச்சாரே, அதே ஆளு. தெருவழியா போகலாமாய்யான்னு கேட்டேன். 'வழக்கம் இல்லேப்பா'ன்னாரு. கோபமாக்கூட சொல்லலே. சேத்திலே எறங்கினோம். ரெண்டு எடத்திலே பாடை சரிஞ்சுது."

சொல்லிவிட்டு அவர் தம் வலக்கையைப் பார்த்தார். நான் பேசவில்லை. என்ன பேசுவது? பிப்ரவரியில் பிடித்த கை, ஆடியில் ஏன் விட்டது? சென்னைப் படிக்கட்டிலே மறந்த சாதி, சொந்த ஊர்த் திண்ணையிலே எப்படி எழுந்து உட்கார்ந்தது? தலைவனின் உடல்முன் சமமாக நின்றவர்கள், தந்தையின் உடலுக்கு முன் மேல்-கீழ் ஆனது எதனால்?

பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் தம் உறவினர் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியை நாடே கண்டது. சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விளக்கம் கேட்டது. எந்த ஆண்டு? அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து ஏழு பத்தாண்டுகள் ஆகும் நிலையில்! இடுகாட்டையும் சுடுகாட்டையும் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1955இன் சட்டம் சொல்லி அறுபது ஆண்டுகளுக்குப் பின்!

மாற்றிக் காட்டவும் முடியும் என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தில், பல சாதியாருக்கும் அடுத்தடுத்து வீடு என்பதோடு, எல்லார்க்கும் ஒரே சுடுகாடு என்பதும் நெறி. பெரியாருக்கு எழுப்பிய சிலைகளைவிட, அந்தப் பொதுச் சுடுகாடு பெரிய நினைவுச்சின்னம் என்பேன். ஆனால் அது புதிதாய்க் கட்டிய ஊர்; பழைய ஊர்களை என்செய்வது? அரசு வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் காலந்தான் போகும். எங்கள் புதுவைக் கொம்யூன்களில் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! ஊர்ப் பாதையைப் பற்றிக் கேட்கும் மன்றத்தை ஊரார் மீண்டும் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்லாத முப்பத்தெட்டு ஆண்டுகள். ஆகவே, கேட்கவேண்டியவர்கள் நாம். தோள் கொடுக்கவேண்டியவர்களும் நாமே.

மாலையா என்று கேட்டாயே, தம்பி! வைக்கலாம். கண்ணீரும் சிந்தலாம், பெரியார் சிந்தினார். கற்பூரம் ஏற்றாதே, காலில் விழாதே, உயிரை மாய்க்காதே. அவர் செய்ததை நினை; அவர் விட்டுச்சென்ற வேலையை எடுத்துக்கொள். ஆனால் மாலை வாங்கப் புறப்படுமுன் ஒரு வேலை செய். உன் ஊரின் சுடுகாட்டுப் பாதையை ஒரு முறை நடந்து பார். பாதை ஒன்றா, இரண்டா என்று எண்ணு. இரண்டாக இருந்தால், சேரியிலே அடுத்த சாவு விழும் நாளில் படிப்பகத்து இளைஞர்களோடு போய் நில், உறவினர் இசைந்தால் பாடைக்கு உன் தோளைக் கொடு, தெருவழியே நட. திண்ணையில் இருந்து ஒரு குரல் வரும்: "வழக்கம் இல்லேப்பா" என்று. கோபப்படாமல் விடை சொல்: விருந்து மண்டபத்திலே உழவன் படியேறும் வழக்கம் இருந்ததில்லை, ஏறினான். பதவியில்லாப் பெரியாருக்கு அரசு மரியாதை தரும் வழக்கம் இருந்ததில்லை, தந்தார்கள். வழக்கம் என்பது மனிதன் போட்ட பாதை. மனிதனால் மாற்ற முடிந்த பாதை.

அந்த முதியவர் இன்றும் இருக்கிறார். 1969இல் சென்னைக்கு லாரியேறியதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்கிறது. ஆடி மாதத்தைச் சொல்லும்போது கூம்புகிறது. அவர் கடைசிப் பயணமாவது தெருவழியே போகவேண்டும். அதற்கு வழி செய்தபின் நாம் எந்தத் தலைவருக்கும் மாலை வைக்கலாம், தலை நிமிர்ந்து!